பனி உருகும் முன்னே...

 

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்குப் பனிக்கட்டி என்றால் நினைவுக்கு வருவது எது? நோன்பு மாதத்தில், அஸர் தொழுகைக்குப் பின் கடைத்தெருவில் மரத்தூள் தூவிச் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கும் ஐஸ் பாளம்தான். கடைக்காரர் அதிலிருந்து ஒரு துண்டை உடைத்துத் தருவார். அதைத் தூக்குப் பாத்திரத்தில் ஏந்திக்கொண்டு பிள்ளைகள் ஓடிவருவார்கள். வீடு வந்து சேர்வதற்குள் பாதி உருகியிருக்கும். மீதியை நன்னாரி சர்பத்தில் போட்டு நோன்பு திறப்போம். கத்திரி வெயிலில் கிணற்றுப் பாறையே கொதிக்கும் ஊர் நம் ஊர். மேலே சேர்வராயன் மலையில் ஏற்காடு குளிரும். ஆனால் அங்கேயும் ஏரி உறைந்து அதன்மேல் மனிதர் நடந்ததாக நாம் கேட்டதில்லை.

இத்தகைய மண்ணில் இருந்துகொண்டு, உறைந்த நீரின்மீது பெண்கள் ஆடும் ஒரு விளையாட்டைப் பற்றி எழுத முற்பட்டிருக்கிறேன். பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பவளுக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கக் கூடும். கேட்பது நியாயமே. நம் வீட்டுப் பெண்மக்களைப் பற்றிய ஒரு கேள்வி எனக்கு முன்னே வந்து நின்றது. அதற்கு விடை தேடியபோதுதான் தொலைதூரத்துப் பனிமலைப் பெண்களின் வரலாறு எனக்குக் கைகொடுத்தது. ஆகவே முதலில் அந்த மலைக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். பிறகு நம் தெருவுக்குத் திரும்புவோம்.

உறைந்த குளமே மைதானம்

நம் நாட்டின் வடகோடியில் லடாக் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு அக்டோபர் 31 முதல் அது தனி ஒன்றியப் பகுதி. அங்கு பௌத்தரும் முஸ்லிம்களும் ஏறத்தாழச் சரிபாதியாக வாழ்கிறார்கள். அதன் முக்கிய நகரமான லே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்து இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 பாகை வரை இறங்கும். அப்போது லேயில் உள்ள கர்ஸூ குளம் கல்லாக உறைந்துவிடும். அந்தக் குளந்தான் அந்நகர மக்களின் விளையாட்டுத் திடல்.

குளம் இல்லாத கிராமத்தார் சமமான நிலத்தைச் சுற்றி வரப்புக் கட்டி, இரவில் நீர் பாய்ச்சுகிறார்கள். அந்தப் படலம் உறைந்ததும் அதன்மேல் இன்னொரு முறை நீர். இப்படிப் படலத்தின் மேல் படலமாக, பல இரவுகள் விழித்திருந்து தளம் கட்டுகிறார்கள். நம் உழவர்கள் நாற்றங்காலுக்கு நீர் கட்டுவதைப் போன்ற பொறுமையான வேலை அது. பகலில் வெயில் ஏறினால் மேற்பரப்பு இளகிவிடும். ஆதலால் பயிற்சி எல்லாம் விடியலிலோ பொழுது சாய்ந்த பின்னோதான்.

இந்தத் தளத்தில் ஆடுவதே பனி ஹாக்கி. காலணியின் அடியில் கத்தி போன்ற இரும்புத் தகடு இருக்கும். அதைக் கொண்டு வழுக்கி ஓட வேண்டும். பந்துக்குப் பதிலாகக் கறுப்பு ரப்பர் வட்டு. அதன் குறுக்களவு மூன்று அங்குலம், கனம் ஓர் அங்குலம். ஓர் அணிக்குக் கோல் காப்பவரையும் சேர்த்து ஆறு பேர் தளத்தில் நிற்பார்கள். இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடக்கும். வட்டு வரும் வேகத்தில் பட்டால் எலும்பு முறியும் என்பதால் தலைக்கவசம், தோள் காப்பு, கையுறை, முழங்கால் காப்பு என்று உடல் முழுதும் மூடியே இறங்குவார்கள். ஆண்கள் ஆட்டத்தில் உடலால் மோதித் தடுப்பதற்கு இடமுண்டு. பெண்கள் ஆட்டத்தில் அதற்கு நெடுங்காலமாகத் தடை இருந்து வந்தது.

இந்த விளையாட்டுக்கு லடாக்கில் கிடைக்கும் பருவம் எவ்வளவு தெரியுமா? டிசம்பர் நடுவில் தொடங்கினால் பிப்ரவரியோடு முடிந்துவிடும். இரண்டு மாதம்; மிஞ்சினால் இரண்டரை மாதம். கனடாவிலும் அமெரிக்காவிலும் பல்கலைக்கழகப் பெண்கள் அணிகள் அக்டோபர் வாக்கில் தொடங்கி மார்ச் வரை பருவம் முழுவதும் ஆடுகின்றன. அவர்களுக்குக் கூரை வேய்ந்த அரங்கு உண்டு, குளிரூட்டும் இயந்திரம் உண்டு, பயிற்சியாளர் உண்டு. லடாக்கின் பெண்ணுக்கு இருப்பது வானம் தரும் குளிர் மட்டுமே. வானம் வெம்மை காட்டினால் அவளுடைய பருவம் அன்றோடு முடிந்தது.

ராணுவக் காலணியில் தொடங்கிய பயணம்

லடாக்கில் இவ்விளையாட்டைப் பரப்பியவர்கள் பெரும்பாலும் ராணுவ வீரர்கள். தொடக்கத்தில் சறுக்குக் காலணி வாங்க வழியில்லாதவர்கள், ராணுவக் காலணியின் அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்திக்கொண்டு ஆடினார்கள். சர்வதேசப் பனி ஹாக்கிக் கூட்டமைப்பில் இந்தியா 1989இல் உறுப்பினரானது. எனினும் பெண்களுக்கென்று ஒரு தேசிய அணி அமைய அதன்பின் இருபத்தேழு ஆண்டுகள் ஆயின.

பெண்கள் தளத்துக்கு வந்தபோது அவர்களுக்குக் கிடைத்தது மிச்சப்பட்ட நேரம். ஆண்கள் ஆடி முடித்த பிறகு, அல்லது அவர்கள் வருவதற்கு முன்பு. கவசம், மட்டை, காலணி எல்லாம் அண்ணன் தம்பிமார்களிடம் இரவல் வாங்கியவை. அளவு பொருந்தாத காலணிக்குள் இரண்டு மூன்று காலுறைகளை மாட்டிக்கொண்டு அவர்கள் ஓடினார்கள்.

2016ஆம் ஆண்டு மார்ச்சில் தைவானின் தைபே நகரில் நடந்த ஆசியச் சவால் கோப்பைப் போட்டியில் இந்தியப் பெண்கள் அணி முதன்முதலாகக் களம் இறங்கியது. அணியில் பெரும்பாலோர் லடாக்கின் பெண்கள். பயணச் செலவுக்குப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்ட வேண்டியிருந்தது. முழு அளவுள்ள செயற்கைப் பனித்தளத்தில் பழகும் வாய்ப்பும் அவர்களுக்கு அரிதாகவே இருந்தது. டில்லிக்கு அருகே குருகிராமில் ஒரு வணிக வளாகத்துக்குள் இருந்த சிறிய தளத்தில் பயிற்சி செய்தார்கள். டேராடூனில் 2011இல் கட்டப்பட்ட முழு அரங்கமோ, நடத்தும் செலவு தாங்காமல் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. முதல் போட்டியில் ஒரு வெற்றிகூடக் கிட்டவில்லை.

அடுத்த ஆண்டே, 2017 மார்ச்சில் பாங்காக்கில், பிலிப்பைன்ஸ் அணியை 4-3 என்ற கணக்கில் வென்றார்கள். அதுவே இந்தியப் பெண்கள் பனி ஹாக்கியின் முதல் சர்வதேச வெற்றி. 2018 ஜனவரியில், ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்ற கனடா வீராங்கனை ஹெய்லி விக்கன்ஹைசர் லேக்கு வந்து அவர்களுக்குப் பயிற்சி தந்தார்; அதே ஆண்டு நவம்பரில் அவர்கள் கனடாவுக்குச் சென்று ஆடித் திரும்பினார்கள். 2024 பிப்ரவரியில் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் பனி ஹாக்கிப் போட்டிகள் லேயிலேயே நடந்தன. இவர்களுள் பலருக்கு இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையில் விளையாட்டின் வழியே பணியும் கிடைத்தது. 2025 ஜூனில், ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்தியப் பெண்கள் வெண்கலப் பதக்கம் வென்றார்கள்.

ஒன்பதே ஆண்டுகள். அவற்றிலும் ஆண்டுக்கு இரண்டு மாதப் பனி. கூட்டிப் பார்த்தால் இயற்கைத் தளத்தில் அவர்களுக்குக் கிடைத்தது இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவான காலம். அதைக் கொண்டு அவர்கள் ஒரு பதக்கத்தை எட்டியிருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கோல் காத்த நூர் ஜஹான்

அந்த அணியின் தொடக்க ஆண்டுகளிலிருந்தே கோல் காத்தவர்களுள் ஒருவர் லேயைச் சேர்ந்த நூர் ஜஹான். பெயரே சொல்லும், நம் சமுதாயத்துப் பெண். டில்லியில் பழங்கலைப் பொருள்களைப் பாதுகாக்கும் துறையில் உயர்கல்வி கற்றவர். 2017இல் தம் உறவினரான வாஜிதா தபஸ்ஸுமுடன் சேர்ந்து ‘ஷெஸ்ரிக் லடாக்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். சிதைந்து வரும் பழைய சுவரோவியங்களையும் துணி ஓவியங்களையும் சீர்செய்து காப்பதே அவர்கள் தொழில். அவற்றுள் பல பௌத்த மடாலயங்களைச் சேர்ந்தவை. பக்கத்து வீட்டாரின் பழம்பொருளைப் பழுதுபடாமல் காத்துக் கொடுக்கும் அமானிதத்தை இரண்டு முஸ்லிம் பெண்கள் ஏற்றிருக்கிறார்கள் என்பதே நமக்குப் பெருமை தரும் செய்தி.

கோடையில் தூரிகையும் குளிர்காலத்தில் மட்டையும் பிடிக்கும் கைகள் அவருடையவை. படிப்பு, தொழில், விளையாட்டு, குடும்பத்தின் நற்பெயர் ஆகிய நான்கும் ஒரே பெண்ணிடத்தில் சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டு வேண்டுவோர் லேயை நோக்கலாம்.

அவர் மட்டுமல்லர். அமீரகத்துப் பெண்கள் அணியின் ஃபாத்திமா அல் அலி, தலையில் ஹிஜாப் அணிந்து அதன்மேல் கவசம் தரித்து ஆடுபவர். 2017 பிப்ரவரியில் வாஷிங்டனில் நடந்த ஒரு பெரிய ஆட்டத்தில், வட்டைத் தளத்தில் இட்டு ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் சிறப்பு அவருக்கு அளிக்கப்பட்டது. 2025 அல் ஐன் போட்டியில் ஈரானியப் பெண்கள் அணியும் ஆடியது.

பெண்கள் ஆடுவதற்கு எதிர்ப்பு இருந்தது முஸ்லிம்களிடம் மட்டுந்தான் என்று எவரேனும் சொன்னால் நம்பிவிடாதீர்கள். பனி ஹாக்கியின் தாயகமான கனடாவில், 1890களில் மக்கில் பல்கலைக்கழகத்து மாணவியர் ஆட விரும்பியபோது நிபந்தனைகளோடுதான் அனுமதி கிடைத்தது. அந்த நேரத்தில் தளம் அவர்களுக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டும். வாயிலில் காவல் இருக்க வேண்டும். உடலைக் கதகதப்பாக மூடும் உடை அணிய வேண்டும். கேட்கும்போது நம் வீட்டுப் பெரியவர்கள் பேசுவதைப் போல இல்லையா? ஆயினும் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். அவர்கள் வாயிலில் காவல் வைத்தார்கள்; வாயிலை அடைத்துவிடவில்லை. அந்த வழியே நடந்து நடந்து, 1990இல் பெண்களுக்கான உலகப் போட்டியும், 1998இல் ஜப்பானின் நாகானோவில் ஒலிம்பிக் இடமும் வந்து சேர்ந்தன.

நம் தெருவில் ஒரு கேள்வி

இனி நம் ஊருக்கு வருவோம்.

எங்கள் மஹல்லாவில் லாரி ஓட்டும் சகோதரர் ஒருவர் இருக்கிறார். காஷ்மீரத்து ஆப்பிள் பருவத்தில் ஸ்ரீநகர் வரை போய்வருபவர். அவருடைய மகள் என்னிடம் ஓதுகிறாள். அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளியின் ஹாக்கி அணியில் அவள் கோல் காப்பவள். நம் ஊர் ஹாக்கிதான், மண் தரையில் ஆடுவது. வேறொரு ஊரில் நடக்கும் போட்டிக்கு மாவட்ட அணியில் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

ஒருநாள் மஃரிபுக்குப் பின் தாயும் தகப்பனும் சேர்ந்து வீட்டுக்கு வந்தார்கள்.

“ஆலிமா, பிள்ளையை அனுப்பலாமா, வேணாமா? நீங்க சொன்னா சரி” என்றார் அவர்.

அந்த அம்மாள் கண் கலங்கினார். “நாளைக்குப் பெண் கேட்டு வர்றவங்க, இந்தப் பிள்ளையைத்தானே மைதானத்துல பார்த்தோம்னு சொல்லிட்டுப் போயிட்டா என்ன பண்றது ஆலிமா?”

“கோல் காக்கிறவ தலையிலேருந்து கால் வரைக்கும் மூடிக்கிட்டுத்தான் நிக்கிறா. அந்த மைதானத்துல இவளைவிட மூடியிருக்கிறவங்க யாரு?” என்றார் தகப்பனார். எங்கள் மூவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அம்மாளின் அச்சம் சிரித்துத் தள்ளக் கூடியதன்று. பெண்ணைப் பெற்றவளின் நெஞ்சில் இரவெல்லாம் எரியும் நெருப்பு அது.

நான் முஃப்தி அல்லள். மார்க்கத் தீர்ப்பு வழங்குவது அதற்குரிய உலமாப் பெருமக்களின் பொறுப்பு. அதை அவர்களிடம் சொல்லிவிட்டு, ஓதிக் கொடுக்கும் ஒருத்தி என்ற முறையில் நான் அறிந்த இரண்டு செய்திகளை மட்டும் எடுத்துரைத்தேன்.

முதலாவது, கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடிய நிகழ்ச்சி. ஒரு பயணத்தின்போது இருவரும் ஓடினார்கள்; அன்னையார் முந்தினார்கள். சில காலம் கழித்து, அன்னையாரின் உடல் சற்றுப் பருத்திருந்த நேரத்தில் மீண்டும் ஓடினார்கள். இம்முறை நாயகம் (ஸல்) அவர்கள் முந்தி, அன்றைய வெற்றிக்கு இது ஈடு என்று இனிமையாகச் சொன்னார்கள். அபூதாவூதில் பதிவாகியுள்ள இந்தச் செய்தியை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! கணவன் மனைவி அன்புக்கு இதைச் சான்று காட்டுகிறோம். ஒரு பெண்ணின் கால்கள் ஓடின என்பதும், அந்த ஓட்டத்தை உலகத்துக்கு அருட்கொடையாக வந்தவர்கள் மகிழ்வோடு ஏற்றார்கள் என்பதும் அதே செய்திக்குள் இருக்கின்றன அல்லவா?

இரண்டாவது, புகாரியில் வரும் ஒரு நபிமொழியின் கருத்து. மனிதரில் பலர் பயன்படுத்தாமல் இழந்துவிடும் இரண்டு அருட்கொடைகள் உண்டு. ஒன்று உடல்நலம், மற்றொன்று ஓய்வு நேரம். உங்கள் மகளிடம் இப்போது இரண்டும் இருக்கின்றன என்றேன்.

பிறகு நாங்கள் மூவரும் உட்கார்ந்து, பள்ளியில் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதினோம். அணியுடன் ஆசிரியை ஒருவர் வருகிறாரா? தங்கும் இடம் பெண்களுக்கு மட்டும் உரியதா? முழுக்கால் சட்டையும் முழுக்கை மேலுடையும் தலைத்துணியும் அணிந்து ஆட விடுவார்களா? தொழுகைக்கு இடமும் நேரமும் கிடைக்குமா? மறுநாள் அந்தத் தாளோடு தகப்பனார் பள்ளிக்குச் சென்றார். எல்லாவற்றுக்கும் இணக்கமான பதில் கிடைத்தது. மேலும் ஒன்று நடந்தது. அதை எழுதும்போது இன்றும் என் மனம் குளிர்கிறது. அணியின் பிள்ளைகளோடு அந்த அம்மாளும் உடன் சென்றார். மைதானத்தின் ஓரத்தில், வேப்பமரத்து நிழலில், புர்காவோடு அமர்ந்து இரண்டு நாளும் தண்ணீர்க் குடத்தைக் காத்தார். பிற பிள்ளைகளும் அவரிடம் வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள்.

அவர்கள் அணி இரண்டாவது ஆட்டத்தில் தோற்றுப் போனது. திரும்பி வந்த மறுநாள் மாலை அந்தப் பிள்ளை முழங்கையில் கட்டுடன் வகுப்புக்கு வந்து, விட்டுப்போன ஸூராவைப் பாடம் ஒப்புவித்தாள். ஓர் எழுத்தும் பிசகவில்லை. பேருந்தில் வரும் வழியெல்லாம் ஓதிக்கொண்டே வந்தாளாம்.

உருக்குவது யார்?

சகோதரிகளே! இந்தப் பிள்ளைக்குக் கிடைத்த வாய்ப்பு நம் வீடுகளில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது?

பத்து வயது வரை நம் பெண்பிள்ளைகள் தெருவில் நொண்டியும் பாண்டியும் கிளித்தட்டும் ஆடுகிறார்கள். பன்னிரண்டில் ஒருநாள் அது நின்றுவிடுகிறது. அன்றைக்கு யாரும் கூடிப் பேசி முடிவு செய்வதில்லை. யாரும் அவளைக் கடிந்து கொள்வதும் இல்லை. “இனிமே வெளியே என்ன விளையாட்டு?” என்று பாட்டியார் ஒரு சொல் சொல்வார். அவ்வளவுதான். என் பன்னிரண்டாம் வயதில் எனக்கும் அப்படித்தான் நின்றது. பின்னர் கல்லூரியில் மூன்றாண்டு இளங்கலை பயின்றபோது, அகன்ற மைதானத்தின் ஓரமாகவே நடந்து வகுப்புக்குப் போய்வந்தோம். எங்கள் கூட்டத்தில் ஒருத்தியும் அந்த மண்ணில் கால் வைத்ததில்லை. அங்கே தடுத்தவர் எவருமில்லை. உடல்தான் ஓடுவதை மறந்துவிட்டிருந்தது.

அதன் விளைவை இன்று நான் கண்ணால் காண்கிறேன். பெண்கள் பயானுக்காகக் கூடும் கூடத்தில், தொழுகை நேரம் வந்ததும் நாற்காலிகளை வரிசையாக எடுத்துப் போடுகிறார்கள். எழுபது வயது மூதாட்டியர் அதில் அமர்ந்தால் வியப்பில்லை. நாற்பதும் நாற்பத்தைந்தும் ஆன சகோதரிகள், முழங்கால் மடங்க மறுப்பதால் ஸஜ்தாவில் நெற்றியை நிலத்தில் வைக்க இயலாமல், அமர்ந்தபடியே தலை சாய்க்கிறார்கள். பின்னர் என்னிடம் வந்து அழுகிறார்கள். “நெற்றி தரையில் படுகிற அந்த இன்பம் போயிடுச்சே ஆலிமா!” இதற்கு நோயும் காரணம், பரம்பரையும் காரணம், மறுக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு வயதில் ஓட்டத்தை நிறுத்திய உடல், நாற்பதில் வணக்கத்துக்கே வளைய மறுப்பதில் அந்த நிறுத்தத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்றே எண்ணுகிறேன்.

லடாக்கின் பெண்களை நான் மீண்டும் மீண்டும் நினைப்பது இதனால்தான். அவர்களுடைய பருவம் இரண்டு மாதம். பிப்ரவரியில் சூரியன் வந்து பனியை உருக்கிவிடுகிறான். சூரியனிடம் வழக்காட யாராலும் முடியாது. ஆகவே கிடைத்த ஒவ்வொரு விடியலையும் அவர்கள் வீணாக்காமல் ஓடுகிறார்கள். நமக்கோ பன்னிரண்டு மாதமும் மைதானம் இருக்கிறது. காவிரி பாயும் சமவெளியில் மண் உறைவதும் இல்லை, உருகுவதும் இல்லை. இங்கே பெண்பிள்ளையின் பருவத்தை முடித்துவைப்பது சூரியன் அன்று. நம்முடைய தயக்கமும் நாலு பேரின் பேச்சும்தான். அல்லாஹ் விதித்த குளிருக்கும் வெயிலுக்கும் நாம் பணியத்தான் வேண்டும். நாலு பேரின் பேச்சுக்கும் அதே பணிவைக் காட்ட வேண்டுமா?

நம்மால் ஆகக் கூடியவை

நம் பெண்மக்கள் எல்லோரும் கோப்பை வாங்கிவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பேணுதலைக் கைவிட்டு ஆடச் சொல்லவும் இல்லை. நாணம் ஈமானின் ஒரு பகுதி என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவளே நான். அந்த நாணத்தைக் காத்துக்கொண்டே செய்யக் கூடியவை நம் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன.

மஹல்லாவின் மதரஸாவுக்குச் சுற்றுச்சுவரோடு முற்றம் இருக்கிறதா? வாரத்தில் இரண்டு மாலை, ஒரு மணி நேரம், அதைப் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் ஒதுக்கித் தாருங்கள். மக்கில் மாணவியருக்கு வாயிலில் நின்ற காவலைப் போல நம் மூதாட்டியர் இருவர் வாசலில் அமரட்டும். ஒரு பந்தும் நான்கு கயிறுகளும் போதும். பள்ளியில் உங்கள் மகளை அணிக்குத் தேர்ந்தெடுத்தால், உடனே மறுத்துவிடாமல் கேள்விகளை எழுதிக்கொண்டு தாயும் தகப்பனுமாகச் சென்று கேளுங்கள். உடையைப் பற்றி, தங்குமிடத்தைப் பற்றி, தொழுகையைப் பற்றி மரியாதையோடு கேட்டால் பெரும்பாலும் வழி பிறக்கிறது. முடிந்தால் தாய்மார்கள் உடன் செல்லுங்கள். மைதானத்தின் ஓரத்தில் ஒரு தாய் அமர்ந்திருந்தால், நாலு பேரின் நாக்குக்கு அங்கே வேலை இல்லாமல் போகிறது.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு விண்ணப்பம். ஆண்பிள்ளைகளின் கிரிக்கெட் போட்டிக்குப் பரிசுக் கோப்பை வழங்குகிறீர்கள், நல்லதே. லே நகரத்துப் பெண்களுக்கு முதலில் கிடைத்தது ஆண்கள் ஆடி மிஞ்சிய நேரந்தான். நம் பெண்மக்களுக்கு அந்த மிச்ச நேரத்தையாவது கொடுக்க மனம் வையுங்கள். மிச்சத்தைக் கொண்டே பதக்கம் வரை போனவர்களின் வரலாற்றைத்தான் மேலே படித்தீர்கள்.

அந்த லாரிக்காரச் சகோதரரின் மகள் இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். பொதுத் தேர்வு முடியும் வரை மட்டையை எடுத்து வைத்திருக்கிறாள். “தேர்வு முடிஞ்சதும் மறுபடியும் ஆடலாம்னு அம்மாவே சொல்லிட்டாங்க ஆலிமா” என்று சென்ற வாரம் சொன்னாள். ஒன்பது மாதங்களுக்கு முன் என் வீட்டில் கண்ணீரோடு அமர்ந்திருந்த அதே அம்மாள்தான் இதைச் சொல்லியிருக்கிறார்.

வல்ல அல்லாஹ் நம் பெண்மக்களுக்கு நல்ல கல்வியையும், நிறைந்த நாணத்தையும், நோயற்ற உடலையும், முதுமையிலும் ஸஜ்தாவில் நெற்றி பதிக்கும் வலிமையையும் தந்தருள்வானாக! அவன் அளித்த பருவத்தை அது கடந்து போகும் முன்னே பயன்படுத்திக்கொள்ளும் பேற்றை நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.